முதல் நாயே காவல் நாயாக வேண்டும் என்று வருபவரிடம் கொஞ்சம் பேசிவிட்டு விற்கலாமே: குட்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குட்டி வளர்த்து விற்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினுவா, கேன் கோர்சோ, காக்கேசியன் ஷெப்பர்ட் என்று ‘காவலுக்குச் சிறந்தது’ என்ற வரியோடு விளம்பரம் போடுகிறவர்களுக்குத்தான் இந்த மடல். பக் விற்பவர்களும் பொமரேனியன் விற்பவர்களும் இந்த முறை தப்பித்தீர்கள்.

முதல் முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி சொல்லித் தருகிற ஆள் நான். உங்கள் வாடிக்கையாளர்கள்தான் என் வாடிக்கையாளர்களும். நீங்கள் பார்க்கும்போது கையில் அடங்குகிற குட்டியும் முகம் நிறையச் சிரிப்புமாக இருப்பார்கள். நான் பார்க்கும்போது நாய்க்கு ஒன்றேகால் வயது ஆகியிருக்கும், எடை 40 கிலோவைத் தாண்டியிருக்கும், பெல்ட்டைப் பிடித்திருப்பவரின் உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருக்கும், “சார், வீட்டுக்கு வர்ற யாரையும் உள்ளே விடமாட்டேங்குது, அது நல்லதுதானே?” என்று பாதிப் பெருமையும் பாதிப் பயமுமாகக் கேட்பார்கள். நல்லது இல்லை. ஆனால் அதை நான் சொல்லும் நேரத்தில் பாதி வேலை கைமீறிப் போயிருக்கும். சொல்லியிருக்க வேண்டிய இடம் உங்கள் வாசல்.

வாங்க வருபவர் எந்த இனம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார், நான் என்ன செய்ய என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படி வருவதில்லை. ‘ஏன் இந்த இனம் எடுத்தீங்க?’ என்று நான் கேட்டால் அடிக்கடி வருகிற பதில் இதுதான்: “வாங்கப் போன இடத்துல இதுதான் இருந்துச்சு, நல்லா காவல் காக்கும்னு சொன்னாங்க.” காணொளி பார்த்துவிட்டு ஒரு ஆசையோடு வருகிறவருக்கும் அந்த ஆசை இன்னும் இறுகியிருக்காது, விவரம் தெரிந்தவர் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசினால் மாறிவிடும். அந்தப் பத்து நிமிடம் இருப்பது உங்களிடம் மட்டும்தான்.

முதலில் இந்தக் காவல் விஷயத்துக்கு வருவோம். காவலுக்கு நாய் வேண்டும் என்று ஒருவர் சொன்னதும், எந்தக் கூண்டைத் திறக்கலாம் என்று பார்க்காமல், ‘என்னாச்சு, எதுக்குக் கேக்கறீங்க?’ என்று கேளுங்கள். ஒருவருக்குப் பக்கத்து வீட்டில் திருட்டு நடந்திருக்கும். ஒருவர் இரவு வேலைக்குப் போகிறவர், வீட்டில் மனைவியும் குழந்தையும் தனியாக இருப்பார்கள். ஒரு பெண் தனியாக வசிக்கிறார், எவனோ பின்னாலேயே வந்து தொல்லை கொடுக்கிறான். இன்னொருவருக்கு எதுவுமே நடக்கவில்லை, நண்பர் ஒரு கேன் கோர்சோ வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இவர்கள் எல்லாரும் ஒரே சொல்லில் கேட்டாலும் கேட்பது ஒன்றே அல்ல. யாராவது வந்தால் குரல் கொடுக்கிற நாய் சிலருக்குப் போதும், அதைக் காது கேட்கிற ஏறக்குறைய எந்த நாயும் செய்துவிடும், சின்ன நாய்கள் இன்னும் நன்றாகவே செய்யும். சிலருக்கு வெளியில் நிற்பவன் பார்த்ததும் ‘இந்த வீடு வேண்டாம்’ என்று நகரும்படி ஓர் உருவம் வேண்டும். அதற்கு உடம்பும் கனத்த குரலும் இருந்தால் சரி, உள்ளுக்குள் அந்த நாய் எவ்வளவு சாது என்பது கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியப் போவதில்லை. நிஜமாகவே ஓர் ஆள் மேல் பாய்ந்து பிடித்து, விடு என்றதும் விடுகிற நாய் வேண்டும் என்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிப்பட்ட நாய் குட்டியாகக் கூடையில் கிடைக்காது. ஐஜிபி என்று இன்று நடக்கிற நாய்ப் பயிற்சிப் போட்டியை நீங்கள் அறிவீர்கள்: மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, அதில் பாதுகாப்புப் பகுதியில்கூடக் கடிப்பதற்கு மட்டுமல்ல, சொன்னதும் விடுவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த நிலைக்கு ஒரு நாய் வருவதற்கு வருடக்கணக்கில் உழைப்பு வேண்டும், நல்ல பிறவிக் குணம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், அதைவிட முக்கியமாக அந்த நாயைக் கையாளத் தெரிந்த வீட்டுக்காரர் வேண்டும். முதல் நாய் வாங்குகிறவரிடம் இந்தக் கடைசி விஷயம் எப்படி இருக்கும்?

அப்புறம், தெரியாத ஆளைப் பார்த்து எகிறுகிற நாயெல்லாம் காவல் நாய் இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நீங்கள் அதை வாங்குபவருக்குச் சொல்வதில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும். முதுகு முடி கழுத்திலிருந்து வால் வரை சிலிர்த்திருக்கும், வால் கீழே இறங்கியிருக்கும், இரண்டடி முன்னால் பாய்ந்து குரைத்துவிட்டு மூன்றடி பின்னால் வரும், வாயோரம் பின்னால் இழுத்திருக்கும், ஆள் திரும்பி நடந்ததும்தான் துணிச்சல் வந்து குதிகாலைக் கவ்வப் போகும். அது பயம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ‘என்ன தைரியம் பாருங்க’ என்று தட்டிக்கொடுப்பார். பயந்த நாய் திருடனையும் கடிக்கலாம், மகனோடு விளையாட வந்த எட்டு வயதுப் பையனையும் கடிக்கலாம். உண்மையில் தெரியாத ஆளைவிட வீட்டில் இருப்பவர்களும் தெரிந்தவர்களும்தான், அதிலும் குழந்தைகள்தான், அதிகம் கடிபடுகிறார்கள்.

சரி, இனம். ஒவ்வொரு இனமும் எந்த வேலைக்கு உருவானதோ அந்த வேலையை, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஏதோ ஒரு வடிவத்தில் செய்துகொண்டுதான் இருக்கும். விளம்பரத்தில் ‘ஹெவி போன், பிக் ஹெட்’ (கனத்த எலும்பு, பெரிய தலை) என்று எழுதுகிற இடத்தில் இதை எழுதினால் எவ்வளவு பேர் பிழைப்பார்கள்!

ஜெர்மன் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் அந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கியபோது அது மந்தை நாய். வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் எல்லை தாண்டாதபடி மந்தையின் விளிம்பிலேயே அது நடந்துகொண்டிருக்கும். இன்றைக்கு அதே நாய் மதிலோரம் பாதை போட்டு நடக்கிறது, ஓடுகிற எதையும் துரத்துகிறது, சைக்கிளைத் துரத்துகிறது, வட்டமாக ஓடி விளையாடும் குழந்தைகளின் காலைக் கவ்வி ஓர் ஓரமாகச் சேர்க்கப் பார்க்கிறது. வாங்கியவர் ‘குழந்தைகளைக் கடிக்குது’ என்று அழுதுகொண்டு வருவார். ராட்வைலர் ரோட்வைல் நகரத்து இறைச்சி வியாபாரிகளின் மாடு ஓட்டிய நாய், எதையும் தோளால் இடித்து, உடம்பைச் சாய்த்து நகர்த்தும். மூன்று மாதக் குட்டி காலில் சாய்வது செல்லமாக இருக்கும், 45 கிலோ நாய் அதையே தாத்தாவிடம் செய்தால் தாத்தா விழுவார். டாபர்மேன், அபோல்டாவில் வரி வசூலித்து வந்த லூயி டோபர்மன் தனக்குத் துணையாக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கத் தொடங்கியது. துணை என்றால் துணைதான், ஆளைவிட்டு நகராது, கழிப்பறைக் கதவு வரை பின்னால் வரும். மெல்லிய ஒற்றை அடுக்கு முடி. அதைப் போய் ‘வெளியில கூண்டுல விட்டாப் போதும் சார், காவல் காக்கும்’ என்று சொல்லி விற்கிறீர்கள். கூண்டில் விட்ட டாபர்மேன் தன் விலாவையே நக்கி, சப்பிப் புண்ணாக்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மாலினுவாவைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. ராணுவக் காணொளிகளில் சுவர் ஏறுகிற நாயை முதல் முறை வளர்ப்பவருக்கு, அதுவும் காலை ஒன்பது மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறவருக்கு, வேலை நாய் வம்சத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும், அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு மிகுந்த கோபம் வருவது காக்கேசியன், கங்கல், திபெத்தியன் மாஸ்டிஃப் விஷயத்தில். இவை மந்தையோடு பிறந்து மந்தையோடு வளர்ந்து, மேய்ப்பன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஓநாய் வந்தால் தானே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகப் பல நூறு ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய்கள். தானே முடிவெடுப்பதுதான் அதன் தகுதி. ஆகவே ‘உட்கார்’ என்று சொன்னால் உங்களைப் பார்த்து யோசிக்கும், தேவையில்லை என்று தோன்றினால் உட்காராது. கூப்பிட்டால் வராமல் போவதை அடம் என்பார்கள், அது அதன் வேலை. இரவெல்லாம் சின்னச் சத்தத்துக்கும் குரைப்பது அதன் வேலை. வீட்டு விருந்தாளியை உள்ளே விடலாமா என்று தானே தீர்மானிப்பதும் அதன் வேலை, அந்த விருந்தாளியை நீங்கள் அணைத்து வரவேற்றாலும்கூட. இதைப் புரிந்துகொண்டு, பரந்த இடமும் ஆடு மாடும் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அந்த நாயைப் பார்த்தால் அழகு. அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருப்பவருக்கு, ‘சிங்கம் மாதிரி இருக்கும்’ என்று சொல்லி 70 கிலோ ஆகப் போகிற குட்டியைக் கொடுப்பது அநியாயம். அந்த நாயை ஒன்றரை வயதில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

இனத்தைவிட வளர்ப்புதான் முக்கியம், எல்லாம் அவங்க வளர்க்கிற விதத்தில் இருக்கிறது என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் வீட்டுக்காரர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் படித்துவிட்டு, தனிப்பட்ட நாய்களின் நடத்தையில் தெரிகிற வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 சதவீதம்தான் என்று சொன்னது. ஆனால் இதைக் கையில் எடுத்தால் உங்கள் விளம்பரமும் விழுந்துவிடும் இல்லையா? இனப் பெயர் குணத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றால், ‘ராட்வைலர், அதனால் காவல் காக்கும்’ என்பதும் உத்தரவாதம் இல்லை. விற்கும்போது இனம், புகார் வரும்போது வளர்ப்பு என்று இரண்டு பக்கமும் பேசக் கூடாது. இனத்தின் பெயர் அவ்வளவாகச் சொல்லாது என்றால் வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? குட்டியின் அம்மாவை. முடிந்தால் அப்பாவையும்.

அம்மாவைக் காட்டுங்கள் என்று ஒருவரோடு சேர்ந்து குட்டி பார்க்கப் போனபோது கேட்டேன். குட்டிகள் முன்னறையில் பளிச்சென்று துணி விரித்த கூடையில் இருந்தன. அம்மா பின்னால் ஒரு கம்பிக் கதவுக்கு அப்பால். நாங்கள் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே கம்பியில் மோதியது, விற்பவரே கதவருகில் போகாமல் சின்னக் கம்பு ஒன்றை நீட்டித் தட்டி உள்ளே தள்ளினார். பிறகு எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்து, “எங்களையே கிட்ட விடாது, அவ்வளவு காவல்” என்றார். கூட வந்தவருக்குக் கண்ணெல்லாம் மின்னியது. எனக்கோ, தினமும் சோறு போடுகிறவரையே நெருங்க விடாத நாயின் பாலைக் குடித்து, அதன் நடுக்கத்தைப் பார்த்து வளர்ந்த எட்டுக் குட்டிகள் எட்டு வீடுகளுக்குப் போகப் போகின்றன என்பதுதான் தெரிந்தது. குட்டி ஈன்ற நாய் கொஞ்சம் முறைக்கும், அது இயல்பு. ஆனால் நல்ல காவல் இனத்துப் பெண் நாய் என்றால் வீட்டுக்காரர் ‘பரவாயில்லை’ என்றதும் எங்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமல் ஓர் ஓரமாகப் படுக்கும். அந்த நிதானம்தான் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அதைக் காட்டி விற்கிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் குட்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருக்கலாம் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அடுத்தது நீங்கள் குட்டியோடு இலவசமாகக் கொடுத்தனுப்புகிற அறிவுரை. “ஆறு மாசம் வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க, வெளி ஆள் யாரும் தொடக் கூடாது, அப்பத்தான் கோபம் வரும்.” இதைவிடக் கெடுதலான ஒரு வரி இந்தத் தொழிலில் கிடையாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தில் எது சாதாரணம் என்று கற்றுக்கொள்கிறது. இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமில்லை. 1961இலேயே ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பு இல்லாமல் விடப்பட்ட குட்டிகள் அதன் பிறகு மனிதரிடம் இயல்பாகப் பழகவே முடியாமல் போனதைக் காட்டிவிட்டார்கள். குடை பிடித்தவர், தாடி வைத்தவர், தலைக்கவசம் போட்டவர், கைத்தடி ஊன்றி நடப்பவர், அழுகிற குழந்தை, இவர்களையெல்லாம் அந்த வயதில் பார்த்துப் பழகிய நாய்க்குத்தான் பிறகு நிஜமாகவே விபரீதமான ஆள் வந்தால் வித்தியாசம் தெரியும். எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாய் எதையுமே அறிவிப்பதில்லை, வீட்டுக்காரரும் ஒரு மாதத்தில் எழுந்து பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

‘பார்வோ வந்துடும், தடுப்பூசி முடியட்டும்’ என்பீர்கள். பார்வோ என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் பற்றிய பயம் நியாயமானது, ராட்வைலர், டாபர்மேன் குட்டிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஆனால் வழி இருக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நடத்தையியல் கால்நடை மருத்துவர் சங்கமே 2008இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆன குட்டியை ஏழெட்டு வார வயதிலிருந்தே சுத்தமான இடத்தில் நடக்கும் குட்டிப் பயிற்சி வகுப்புகளுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருக்கிறது. தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனையில் கால் மணி நேரம் நிற்கலாம். தடுப்பூசி போட்ட, தெரிந்த நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகலாம். இதில் பாதி வாரங்கள் குட்டி உங்களிடம்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். கூண்டுக்குள் அறுபது நாள் இருந்துவிட்டு வரும் குட்டிக்கு மிக்ஸி சத்தம்கூடப் புதிது.

கூடவே ‘பகல்ல கட்டிப் போடுங்க, ராத்திரி அவுத்து விடுங்க’ என்று ஒன்று. அமெரிக்காவின் டென்வரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில், கடித்தவற்றில் ஆண் நாய்களும் கருத்தடை செய்யாதவையும் முற்றத்தில் சங்கிலியில் கட்டப்பட்டவையும்தான் அதிகம் இருந்தன. கட்டுவதால் கடிக்கிறதா, கடிப்பதால் கட்டினார்களா என்று விவாதிக்கலாம். ஆனால் சங்கிலி நீளத்துக்கு மேல் ஓட முடியாது என்று தெரிந்த நாய்க்கு, அருகில் வருவதை எதிர்ப்பது ஒன்றுதான் மிச்சம் என்பது யோசித்தாலே விளங்கும்.

குட்டி அறுபது நாளில் எப்படி இருக்கிறது என்பதை வைத்துக் காவல் குணத்தைக் காட்டுகிறேன் என்று கையில் ஒரு துணியை ஆட்டி, கவ்வி இழுப்பதைக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். எல்லாக் குட்டியும் துணியைக் கவ்வும். இந்தப் பெரிய இனங்கள் மனசளவில் முதிர்வது ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள்தான், வீட்டைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு நிற்கிற குணம் அப்போதுதான் வெளியே வரும். ஆறு மாதக் குட்டி விருந்தாளியைப் பார்த்து வாலாட்டுகிறது என்று பதறி உங்களுக்கு ஃபோன் செய்கிறவரிடம் ‘கொஞ்சம் உசுப்பி விடுங்க’ என்று சொல்லாமல், ‘நல்லது, அப்படியே இருக்கட்டும்’ என்று சொன்னீர்கள் என்றால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதாக அர்த்தம்.

உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பேப்பர் இருக்கு’ என்கிறீர்கள். வம்சாவளிப் பேப்பர் தாத்தா பெயரைச் சொல்லும், தாத்தாவின் இடுப்பைப் பற்றிச் சொல்லாது. ஜெர்மன் ஷெப்பர்டோ ராட்வைலரோ என்றால், பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் குறை இருக்கிறதா என்று பார்க்கிற எக்ஸ்ரே முடிவைப் பெற்றோர் இருவருக்கும் காட்டுங்கள். அமெரிக்காவில் இந்த எக்ஸ்ரேக்களை மதிப்பிடுகிற ஓஎஃப்ஏ அமைப்பு இடுப்புக்கு இறுதிச் சான்று கொடுப்பதே 24 மாதம் ஆன பிறகுதான் என்றால், பதினாலு மாதத்தில் இணை சேர்த்த நாய்க்கு அந்தச் சான்று எங்கிருந்து வரும்? டாபர்மேன் விற்கிறவர்களுக்கு இன்னும் பெரிய பொறுப்பு. இதயத் தசை வீங்கித் தளர்கிற நோய் அந்த இனத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில் டாபர்மேன்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் அதற்கு ஆளாவது தெரிந்தது, பல நாய்களில் முதல் அறிகுறியே திடீர்ச் சாவு. பெற்றோருக்கு இதய ஸ்கேனும் இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்கிற ஹோல்டர் சோதனையும் எடுத்தீர்களா, எந்த வருடம் எடுத்தீர்கள், தாத்தா பாட்டி எத்தனை வயது வரை இருந்தன? முதல் முறை வாங்குபவருக்கு இதைக் கேட்கத் தெரியாது. கேட்காமலேயே சொல்ல வேண்டியது நீங்கள்.

‘ரேர் ப்ளூ டாபர்மேன்’ என்று கூடுதல் விலை வைக்கிறவர்கள், அந்த வெளிறிய நிறத்தோடு முடி கொட்டித் தோல் கெட்டுப்போகும் நோயும் வரக்கூடும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். காது வெட்டுவது பற்றி ஒரே வரி: ஐரோப்பாவில் பல நாடுகள் தடை செய்துவிட்டன, வெட்டிய காது எந்தத் திருடனையும் கூடுதலாக விரட்டியதில்லை.

இப்போது நீங்கள் வாங்க வந்தவரிடம் கேட்க வேண்டியவை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அதில் இந்த நாயைத் தினமும் நடத்திக்கொண்டு போகப் போகிறவர் யார், அவர் எடை என்ன? சிரிக்காதீர்கள், 50 கிலோ மனிதரும் 55 கிலோ நாயும் என்றால் நாய் நன்றாகப் பழகியிருப்பது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. அவர் இல்லாத நாளில் யார்? நாயே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவர் வீட்டில் இருக்கிறாரா (பெரும்பாலும் இருப்பார், பெரும்பாலும் கடைசியில் சோறு போடப் போகிறவர் அவர்தான்), அவரை ஒருமுறை அழைத்து வரச் சொன்னால் என்ன? குழந்தைகளின் நண்பர்கள் வந்து போகிற வீடா? வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, அங்கே இந்த இனத்துக்குச் சட்டத் தடையோ காப்பீட்டுச் சிக்கலோ உண்டா? வேறு நாய் இருந்தால் அது ஆணா பெண்ணா? இந்த இனங்கள் பலவற்றில் ஒரே பால் நாய்கள் வளர்ந்த பிறகு ஒத்துப்போகாது. ஒரே ஈற்றிலிருந்து இரண்டு குட்டி கேட்டால் தள்ளுபடி கொடுக்காதீர்கள், ஒன்றுதான் தருவேன் என்று சொல்லுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மனிதரைக் கவனிக்காமல் வளர்வதைச் சமாளிக்க அனுபவசாலிகளே திணறுவார்கள்.

இதைக் கேட்டு முடிக்கும்போது பலருக்கு உங்களிடம் இருக்கிற குட்டி பொருந்தாது. அப்போது என்ன சொல்வது? அவருக்குப் பொருந்துகிறது எது என்று சொல்லுங்கள். குரல் கொடுக்க ஒரு நாய் போதும் என்றால், காப்பகத்தில் இருக்கிற இரண்டு மூன்று வயது நாட்டு நாயைப் பார்க்கச் சொல்லலாம், அதன் குணம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, பார்த்து எடுக்கலாம். உருவமும் வேண்டும், வீட்டில் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்றால், நிதானமான தாய்க்குப் பிறந்த பாக்ஸர், அல்லது கண்காட்சி வம்சத்து ஜெர்மன் ஷெப்பர்டில் ஈற்றிலேயே துறுதுறுப்பு குறைந்த பெண் குட்டி. ஓடியாட முடியாது, ஆனால் பெரிய நாய் வேண்டும், வெயிலில் அலையவிடாமல் நிழலில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் புல்மாஸ்டிஃப் பற்றிப் பேசலாம். இங்கிலாந்தில் திருட்டு வேட்டைக்காரனைக் கடித்துக் குதறாமல் கீழே தள்ளி அமுக்கிப் பிடிக்க உருவான நாய் அது, குரைப்பும் குறைவு, ஆயுளும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராட்வைலர்தான் வேண்டும் என்று உறுதியாக நிற்கிறவருக்கு, பழகிய, வளர்ந்த நாயாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். கோம்பையோ கேன் கோர்சோவோ, குட்டியாகத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. அதோடு, துணிச்சலாக முதலில் ஓடிவந்து காலைக் கவ்வுகிற குட்டியை முதல் முறை வாங்குபவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். எட்டு வாரம் அவற்றோடு இருந்தவர் நீங்கள், எது எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் நீங்கள், நடுவாந்திரமான ஒன்றை எடுத்து அவர் கையில் வையுங்கள்.

நான் கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்வார், எனக்குத்தான் நஷ்டம் என்பீர்கள். வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்களிடம் பேசிப் போனவர் கேள்விகளோடுதான் அடுத்த இடத்துக்குப் போவார், அம்மாவைக் காட்டுங்கள் என்பார், எக்ஸ்ரே எங்கே என்பார். அது உங்களைப் போன்றவர்களுக்கு நஷ்டமா என்று யோசித்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் மேலும் தப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. படிக்காமல், கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை மதியம் திடீரென்று கிளம்பி வருகிறார்கள். அவர்களுக்குத் தனியாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இது அவருக்கு முதல் நாய், உங்களுக்கு அப்படி இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்த ஈற்றுக்கு விளம்பரம் போடும்போது குட்டிகள் படத்தோடு, கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு புது மனிதர் பக்கத்தில் அம்மா நாய் நிற்கிற காணொளி ஒன்றையும் போடுங்கள். எந்த வயதில், எந்தக் காரணத்துக்காக நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அதை எழுதும்போதே யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். கடைசியாக, உங்களிடம் முன்பு குட்டி வாங்கி, அந்த நாய்க்கு இப்போது இரண்டு வயதாவது ஆகியிருக்கிற ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய எண்ணைப் புதிதாக வருகிறவருக்குக் கொடுங்கள். அவரைப் போய்ப் பார்த்துவிட்டு, அந்த நாயோடு அரை மணி நேரம் இருந்துவிட்டு வரட்டும், முன்பணம் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நீங்கள் விற்ற குட்டிகளோடு மைதானத்தில் மல்லுக்கட்டுகிற ஒரு பயிற்சியாளர்